ஆதாரில் 19, பள்ளிச் சான்றில் 17: நம்பியது குற்றமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பனியன் கம்பெனியில் டெய்லர். அதே கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்த பெண்ணை விரும்பினான். அவள் ஆதாரில் 19 வயது என்று இருந்தது. கம்பெனியிலும் அதைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். நாங்களும் நம்பி, கோயிலில் வைத்துக் கல்யாணம் முடித்தோம். மருமகள் உண்டானதும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி நம்பர் போடுவதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா துருவிக் கேட்டபோது 17 என்று அவளே சொல்லிவிட்டாள். மறுநாள் மகளிர் போலீஸ் வந்து மகனைப் போக்சோவில் கைது செய்தது. அவள் படித்த பள்ளியிலிருந்து டி.சி. வாங்கி வைத்திருக்கிறார்கள். பெண் இப்போது காப்பகத்தில். ஆதாரை நம்பியது எப்படிக் குற்றமாகும்? என்னையும் பிடிப்பார்களா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு 18 நிரம்பவில்லை என்பது நிரூபணமானால், “எனக்குத் தெரியாது, 19 என்று நம்பினேன்” என்ற வாதம் மட்டும் உங்கள் மகனை விடுவிக்காது. அவன் உண்மையாகவே நம்பியிருக்கலாம். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் குழந்தை என்கிறது. எதிரி அந்த வயதை அறிந்திருந்தானா என்ற கேள்வியையே அது எழுப்பவில்லை. ‘குழந்தை என்று தெரிந்தே’ என்பது போன்ற சொற்கள் முக்கியமான குற்றப் பிரிவுகளில் கிடையாது. பெண்ணின் சம்மதத்துக்கும் அங்கே மதிப்பில்லை. தாலி கட்டியதும் காப்பாற்றாது. 18 வயதுக்குக் குறைந்த மனைவிக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பெண் கர்ப்பமாக இருப்பதால் வழக்கு இன்னும் கனமாகிறது. குழந்தையைக் கர்ப்பமாக்கினால் அது 5-ஆவது பிரிவின்படி கடுமையாக்கப்பட்ட குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 20 ஆண்டு. நீதிபதி மனமிரங்கினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘பெண்ணே விரும்பித்தான் வந்தாள், தானாகத் தள்ளுபடியாகிவிடும்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தவறான நம்பிக்கையில் நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் பொது விதிவிலக்கு இருக்கிறதே என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கலாம். போக்சோவின் 30-ஆவது பிரிவையும் காட்டலாம். குற்ற மனநிலை தேவைப்படும் குற்றங்களில் அது தனக்கு இல்லை என்று எதிரி நிரூபிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. ஒரு விஷயத்தை நம்புவதும் அதன் விளக்கத்தில் வருகிறது. வாதத்தை வைக்கட்டும், தவறில்லை. ஆனால் வயதைப் பொறுத்தவரை இந்தக் குற்றத்துக்கு மனநிலையே தேவையில்லை என்றுதான் அரசுத் தரப்பு பதில் சொல்லும். அந்தத் தடையைத் தாண்டினாலும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் பாரம் உங்கள் மகன் தலையில் விழும். சாதாரணமாகப் போலீஸ் சுமக்கிற பாரம் அது.

இந்தக் கண்டிப்பு ஒன்றும் புதிதல்ல. 1875-இல் இங்கிலாந்தில் பிரின்ஸ் என்பவர், 16 நிரம்பாத பெண்ணைத் தகப்பன் பாதுகாப்பிலிருந்து கூட்டிப்போனதாக வழக்கு. தனக்கு 18 என்று அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள். பார்க்கவும் பெரியவளாகத் தெரிந்தாள். பிரின்ஸ் நம்பியதில் நியாயம் உண்டு என்று ஜூரிகளே ஏற்றார்கள். அப்படியும், ஒரே ஒரு நீதிபதி மாறுபட, மற்ற நீதிபதிகள் எல்லோரும் அவர் குற்றவாளி என்றார்கள். பிறகு இங்கிலாந்தே மாறியது. அங்கே 2003 சட்டப்படி, 13 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் எந்தச் சாக்கும் செல்லாது. 13 முதல் 15 வரை என்றால், 16 ஆகிவிட்டது என்று நியாயமாக நம்பியதைச் சொல்லலாம். கனடாவிலும் அந்த வாதம் உண்டு. ஆனால் வயதைத் தெரிந்துகொள்ள எடுக்கவேண்டிய நியாயமான முயற்சி எல்லாவற்றையும் எடுத்தேன் என்று காட்டவேண்டும்.

நம் சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம்? ‘பார்க்கப் பெரிய பெண்ணாகத் தெரிந்தாள்’ என்பதை ஏற்றுக்கொண்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கெடுத்தவனும் அதையே சொல்வான். அவள் உயரத்தையும் உடுப்பையும் வைத்துக் குறுக்கு விசாரணை நடக்கும். அந்தக் கொடுமை கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 17 வயதுப் பெண்ணும் அரசு கொடுத்த அடையாள அட்டையைப் பார்த்து மணந்த இளைஞனும் 20 ஆண்டுத் தண்டனைக்குள் சிக்குவது நியாயமென்று என்னால் சொல்ல முடியாது. 2023-இல் சட்ட ஆணையமும் 18 என்ற வயதைக் குறைக்க வேண்டாம் என்றுவிட்டு, 16 முதல் 18 வரையிலான சம்மத வழக்குகளில் தண்டனையை நீதிமன்றம் வரையறையோடு தளர்த்த வழிசெய்யலாம் என்று பரிந்துரைத்தது. நாடாளுமன்றம்தான் அதைச் செய்யவேண்டும். 2022 மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், மணந்து குழந்தைகளோடு வாழ்ந்த தம்பதியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்றும் அதிலேயே எழுதிவிட்டது. அதை மட்டும் நம்பி வழக்கை நடத்த முடியாது.

இனி உங்கள் மகனுக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடிய இடத்துக்கு வருகிறேன். அவன் எந்த வயதை நம்பினான் என்பதைவிட, பெண்ணின் வயதை அரசுத் தரப்பு எதை வைத்து நிரூபிக்கப்போகிறது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். வயதைத் தீர்மானிக்க இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 94-ஆவது பிரிவில் ஒரு வரிசை இருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ், அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் முதலில். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. போலீஸ் கையில் இருப்பது டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், என்கிறீர்கள். டி.சி. அந்த வரிசையில் வராது என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். டி.சி.யை ஒதுக்கிய பிறகு மிஞ்சியது 18-க்கு மேல் என்ற மருத்துவரின் சாட்சியம். போக்சோ தண்டனை நிற்கவில்லை.

அதனால் அவள் எந்த வகுப்பு வரை படித்தாள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாளா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்து, தலைமையாசிரியரைக் கூண்டில் ஏற்றி, அந்தத் தேதியை யார் சொல்லி, எதைப் பார்த்து எழுதினார்கள் என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கவேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதாதபோது ஜூன் மாதத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. பல பதிவேடுகளில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் பலர் மே மாதத்தில் பிறந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் இது இருபுறமும் வெட்டும். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால், பிறப்புச் சான்றிதழ் வெளிவரும்போது பெண்ணின் வயது இன்னும் குறையலாம். நகராட்சியில் தேடச் சொல்வதற்கு முன் வழக்கறிஞரிடம் கலந்து பேசுங்கள்.

ஆதாரைத் தூக்கி எறியவேண்டாம். பிறந்த தேதிக்கு அது உறுதியான சான்று அல்ல. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் ஜாமீன் மனுவில் அதற்கு எடை உண்டு. 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு போக்சோ வழக்கில் ஜாமீன் கொடுத்தபோது, எதிரி ஆதாரிலிருந்த தேதியை நம்பியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கம்பெனி வேலைப் பதிவின் நகல், கோயில் ரசீது, அங்கே கொடுத்த ஆதார் நகல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்த ஆதாரில் தேதி மாற்றப்பட்டிருந்தால், மாற்றியது யார் என்பது பெரிய கேள்வி. உங்கள் மகனே பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய் மாற்றியிருந்தால் எல்லாம் தலைகீழாகும். வழக்கறிஞரிடம் அதை மறைக்காதீர்கள்.

முதல் தகவல் அறிக்கையில் ஆள் கடத்தல் பிரிவும் இருந்தால், பெண் தானே வீட்டைவிட்டு வந்தாளா, இவன் கூப்பிட்டு வந்தானா என்று பாருங்கள். விவரம் தெரிந்த பெண் தானாக வந்து சேர்ந்துகொண்டால் அது கூட்டிப்போனதாகாது என்று மதராஸ் மாநில வழக்கொன்றில் 1964-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் செல்லும்.

அடுத்து உங்கள் நிலை. இங்கேதான் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் 10-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட திருமணத்தை நடத்தியவர்களுக்கும் உடந்தையாக இருந்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு வரை தண்டனை தருகிறது. உங்கள் மீது அது பாயலாம். ஆனால் குழந்தைத் திருமணம் அல்ல என்று நம்பக் காரணம் இருந்ததை நிரூபித்தால் தப்பிக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆதாரைப் பார்த்தது உங்களுக்கு நேரடியான தற்காப்பு. மணமகனைத் தண்டிக்கும் 9-ஆவது பிரிவில் அந்த வாசகம் இல்லை. ஒரே அட்டையை ஒரே நாளில் நம்பிய தாய்க்கும் மகனுக்கும் சட்டம் இப்படி வேறு வேறு பதில் சொல்கிறது. வயதுத் தவறை மன்னிக்க விரும்பிய இடத்தில் நாடாளுமன்றம் அதை எழுதியிருக்கிறது என்பதால்தான், எழுதாத இடத்தில் நீதிமன்றங்கள் சேர்த்துப் படிக்கத் தயங்குகின்றன. கைது பயம் இருந்தால் முன்ஜாமீன் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா மீது கோபப்படாதீர்கள். தெரிந்தும் தகவல் சொல்லாவிட்டால் அவர் மீதே போக்சோவில் வழக்கு வரும். கல்யாணப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். பெண்ணை அடையாளம் காட்டுவது தனிக் குற்றம். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு.

பெண்ணிடம் ஆள் விட்டுப் பேசவோ, வாக்குமூலத்தை மாற்றச் சொல்லவோ வேண்டாம். ஜாமீன் அதனாலேயே போய்விடும். அவளைப் பார்க்க விரும்பினால் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். அவளுக்கு இப்போது தேவை மாதாந்திரப் பரிசோதனையும் சத்தான சாப்பாடும். சிறப்பு நீதிமன்றம் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு வழங்க 2020 போக்சோ விதிகளில் வழி இருக்கிறது. அவளுக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரை நியமிக்கவும் அதே விதிகள் சொல்கின்றன. இந்த இரண்டும் நடந்திருக்கிறதா என்று அந்த மனுவிலேயே கேட்டு எழுதுங்கள்.