லண்டன் வீட்டில் ஓர் ஆள் கூடினால்

இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இங்கிலாந்தில் உறவினர் வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். "சொந்தச் சின்னம்மா வீட்டிலைதான் இருக்கிறான். அவவும் வாடகைக் காசு கேட்கிறாவாம்" என்று மனம் நொந்து பேசும் தாய்மார் உண்டு. இந்த மனத்தாங்கல் நியாயமானதா? அந்நாட்டு வாடகை உதவியின் கணக்கை அறிந்தால் விடை கிடைக்கும்.

வாடகை உதவி

வருமானம் குறைந்தவர்களின் வீட்டு வாடகை முழுவதையுமோ ஒரு பகுதியையோ அங்குள்ள உள்ளூராட்சி சபை பொறுப்பேற்கிறது. இன்று இவ்வுதவி பெரும்பாலும் ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கே உரியது. வயது குறைந்தவர்கள் 2013இல் தொடங்கிய யூனிவர்சல் கிரெடிட் திட்டத்தில் வாடகைக்கான பணத்தைப் பெறுகிறார்கள்.

ஆள் கூட, உதவி குறையும்

இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் நிவாரண அட்டையில் ஆட்கள் கூடினால் பங்கும் கூடியது. அங்கோ நிலைமை வேறு. 18 வயதை அடைந்த மகனோ, பெறாமகனோ, நண்பரோ கூட வசித்தால், அவர் வாடகைக்குப் பங்கு கொடுப்பார் என்று எண்ணி, சபை உதவியில் ஒரு தொகையைக் கழிக்கும். அவர் உண்மையில் கொடுக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம்: சின்னம்மாவின் வாடகை கிழமைக்கு 160 பவுண், முழுவதும் உதவியாகக் கிடைக்கிறது. பெறாமகன் வந்து சேருகிறான். 2024-25 விகிதப்படி, அவனுக்கு வேலை இல்லாவிட்டால் பொதுவாக 19.30 பவுண் கழிக்கப்படும். கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்து 350 பவுண் உழைத்தால் கழிவு 99.65 பவுண். அப்போது சின்னம்மாவுக்குக் கிடைப்பது 60.35 பவுண் மட்டுமே. மிகுதியை அவன் கொடுக்காவிட்டால் வாடகை நிலுவையாகும். வீட்டையே இழக்கவும் நேரிடலாம்.

கவனிக்க வேண்டியவை

1. சம்பளச் சான்று காட்டாவிட்டால் ஆகக் கூடிய தொகையே கழிக்கப்படலாம். 2024-25இல் அது 124.55 பவுண்.
2. கணவனும் மனைவியுமாகத் தங்கினால் இருவருக்கும் சேர்த்து ஒரு கழிவு மட்டுமே.
3. வீட்டுக்காரர் 65 வயதை அடைந்தவராயின், புதிதாக ஒருவர் வந்து 26 கிழமைகள் சென்ற பின்னரே கழிவு தொடங்கும்.
4. வீட்டுக்காரர் பார்வையற்றவராயின் கழிவு இல்லை.
5. யூனிவர்சல் கிரெடிட் திட்டத்தில் 21 வயதிலிருந்தே கழிவு. உழைப்பு எவ்வளவாயினும் தொகை ஒன்றே.

மறைக்கலாமா?

ஆள் வந்ததைச் சபைக்கு அறிவிக்காமல் இருப்பது உதவியல்ல. பின்னர் தெரியவந்தால், கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்; வழக்கும் வரலாம். அந்தத் தண்டனை, இடம் கொடுத்தவரின் தலையிலேயே விழும்.

ஆகவே, சின்னம்மா கேட்பது இலாபமல்ல. தன் கூரையைக் காக்கும் பணம். பிள்ளை அனுப்பும் காசு குறைந்தால் உறவைப் பகைக்கும் முன் இக்கணக்கை நினைவிற் கொள்வோம்.

கலந்துரையாட

1. எங்களுக்கு இடம் தந்தவர்கள் எதை இழந்தார்கள் என்று எப்போதாவது கேட்டோமா?
2. பிள்ளையிடம் பணம் கேட்கும் முன் அவனது செலவுகளை விசாரித்தோமா?