மடைத்தொழிலும் மொழித்தேர்வும்

யோர்தான் ஆற்றுத் துறைகளைக் கீலேயாத்தியர் காத்து நின்றபோது, கடக்க வந்தாரை ஒரு சொல்லைச் சொல்லுமாறு கேட்டனர். 'ஷிபோலேத்' என்னும் அச்சொல்லைச் 'சிபோலேத்' என்றவர் எப்பிராயீமியர் என அறியப்பட்டு உயிரிழந்தனர். நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12-ஆம் அதிகாரத்துக் காணும் இவ்வரலாறு, மொழியே வாயிற்காவலாதல் பழைய செய்தியென்று காட்டும். இக்காலத்தும் அத்தகைய துறையொன்று உளது. சமையற்றொழிலாளர்க்கு ஜப்பான் நாடு வழங்கும் தொழில் உரிமையே அது.

பட்டு நெசவும் நெல்லரைவையும் நம் ஆரணிக்கு இரு கண்கள். எனினும், நெசவுக் கூலி குடும்பத்துக்குப் போதாமையால் தறிக்குழியை விட்டு அயல்நாட்டு வேலை நாடுவார் உளர். கைப்பழக்கத்தாற் கற்கத்தக்க சமையற்றொழில் அவர்க்கு எளிய வழியாகத் தோன்றும். அவர் பொருட்டு இவ்வழியின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

ஜப்பானில் அயல்நாட்டுச் சமையற்காரர்க்கு முன்னரே ஒரு வழி உண்டு. தம் நாட்டு உணவைச் சமைப்பதிற் பத்தாண்டு அனுபவமுடையார் அவ்வுணவுச்சாலைகளில் அமர்த்தப்பெறுவர். அவர்க்கு மொழித்தேர்வு இல்லை. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'குறித்த திறனாளர்' முறை வேறொரு வழியைத் திறந்தது. இதற்குப் பத்தாண்டு அனுபவம் வேண்டா. இரு தேர்வுகள் வேண்டும். ஒன்று, உணவுத் தூய்மை, சமையல், உண்பாரை உபசரித்தல் ஆகியவை பற்றிய தொழிற்றேர்வு. மற்றொன்று மொழித்தேர்வு. ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் ஐந்து படிகளுள் கீழிருந்து இரண்டாவதாகிய 'என்-4' பெறுதல் வேண்டும். அன்றேல் ஜப்பான் அறக்கட்டளையின் அடிப்படைத் தேர்வில் 250-க்கு 200 பெறுதல் வேண்டும். இம்முறையில் ஒத்துழைக்க இந்திய அரசும் ஜப்பானிய அரசும் 2021 ஜனவரியில் உடன்பாடு செய்துகொண்டன.

அடுக்களைக்கு மொழி எற்றுக்கு எனின், கூறுதும். ஜப்பானிய உணவுச்சாலைகள் தூய்மைக் காப்பினை முறைப்படி செய்து குறித்துவைத்தல் 2021 ஜூன் முதற் கட்டாயமாயிற்று. பொட்டலங்களின்மேல் வேர்க்கடலை, 'சோபா' என்னும் கூலம் முதலிய ஒவ்வாமைப் பொருள்களின் பெயர் எழுதப்பெற்றிருக்கும். அதனை வாசிக்க மாட்டாதவன் உண்பானுக்கு நஞ்சிட்டவன் ஆதலுங் கூடும். மடையன் என்னும் சொல் பண்டு சமைப்பவனைக் குறித்தது. பின்னர் அறிவிலியைக் குறிப்பதாயிற்று. மொழியறியாது அயல்நாட்டு அடுக்களை புகுவோன் அவ்விரு பொருட்கும் உரியனாவான்.

தமிழர்க்கு அம்மொழி ஒருவாற்றான் எளிது. 'உப்பை இடுகிறேன்' என்பதை அவர் 'ஷியோ ஓ இரெமஸ்' என்பர். 'ஷியோ' உப்பு, 'ஓ' நம் ஐயுருபு போன்றது, 'இரெமஸ்' வினை. உருபு பெயர்க்குப் பின் வருதலும், வினை இறுதியில் நிற்றலும் இரு மொழிக்கும் ஒக்கும். இத்தகைய ஒப்புமை கண்ட ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), இரண்டும் உறவுடைய மொழிகள் என்றார். மொழிநூலார் பெரும்பாலார் அதனை ஏற்றிலர். உறவு இல்லையாயினும், ஆங்கில வழியே கற்பதினும் தமிழ் வழியே தொடரமைப்பை நோக்கிக் கற்றல் நமக்குத் தெளிவு தரும். எழுத்தோ ஹிரகானா, கதகானா, காஞ்ஜி என மூவகைத்து. இவற்றுள் காஞ்ஜி எனப்படும் சீன எழுத்தே மாணாக்கன் பொறுமையைச் சோதிப்பது.

நிற்க. இம்முறை தொழிலாளிக்குச் சில காவல்களையும் தந்துளது. அதே வேலை செய்யும் ஜப்பானியர்க்குக் குறையாத ஊதியம் தரல் வேண்டும், பிணைப்பணம் வாங்கலாகாது, அதே துறையில் வேறு முதலாளியிடம் மாறவும் இடமுண்டு. ஆயினும், ஒப்பந்தத்தை வாசிக்கவும் வாய்திறந்து கேட்கவும் அறியாதானுக்கு இவை ஏட்டுச் சுரைக்காயே.

முதல்நிலையிற் செல்வார் ஐந்தாண்டளவே தங்கலாம். மனைவி மக்களை உடனழைத்தல் இயலாது. நம் அகப்பொருள் நூலார் பொருள்வயிற் பிரிவு என்று வகுத்த துயரம் இதுவே. 2023-இல் உணவுச்சாலைத் தொழிற்கும் இரண்டாம்நிலை வகுக்கப்பட்டது. அதனை எய்தினோர் மனைவி மக்களோடு வாழலாம். அதற்கோ உயர்ந்த தொழிற்றேர்வு, மேற்பார்வை அனுபவம் ஆகியவற்றோடு 'என்-3' என்னும் அடுத்த படி மொழித்தேர்ச்சியும் வேண்டும். பிரிவினை நீக்கும் வாயிலிலும் மொழியே காவலாய் நிற்கின்றது.

ஒன்று நினைவிற் கொள்க. ஒவ்வொரு துறைக்கும் ஆள்தொகை வரம்பு உண்டு. அது நிரம்புமாயின் சேர்க்கை நிறுத்தப்படும். ஆகலின், தறியை விற்று முகவர் கையிற் பணங் கொடுக்குமுன், வழி திறந்துளதா என்று சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத்தூதரகத்தில் உசாவுக. மொழியை முதற்கண் கற்க. வழி அடைபடினும் கற்ற மொழி கைவிட்டுப் போகாது. பாவு நீட்டாமல் ஊடை எறியும் நெசவாளன் நம் ஊரில் இலன். மொழி கல்லாமற் கடல் கடக்கும் சமையற்காரனும் நம் ஊரில் இலனாகுக.