பொன்னன் அடிமையா?

1941-இல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ உறையூர்ப் படகோட்டி பொன்னனின் தோணித்துறையில்தான் தொடங்குகிறது. மன்னனோடு போருக்குச் செல்லத் துடித்தான் பொன்னன். பார்த்திபனோ அரசியையும் சிறுவன் விக்கிரமனையும் அவன் பொறுப்பில் விட்டுச் சென்று களத்தில் மாண்டான். மன்னனின் தம்பி முறையான மாரப்ப பூபதியே பல்லவர் பக்கம் சாய்ந்தான். பொன்னனை ஏவ ஆளில்லை. கூலி தர அரசுமில்லை. ஆயினும், நாடு கடத்தப்பட்ட விக்கிரமன் ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, காட்டாற்று வெள்ளத்தினின்றும் அவனை மீட்டவன் பொன்னனே.

இது அடிமைப் புத்தியன்றோ எனச் சிலர் கேட்கலாம். அடிமை ஏவியதைச் செய்வான். பொன்னன் ஏவுவாரின்றியே செய்தான். பிரெஞ்சு ஆசிரியர் ழூல் வெர்ன் 1873-இல் வெளியிட்ட ‘எண்பது நாளில் உலகப் பயணம்’ என்னும் நாவலில் வரும் பணியாள் பாஸ்பார்த்தூவும் இத்தகையவனே. இந்தியக் காட்டில் உடன்கட்டை ஏற்றப்பட்ட ஔதாவைக் காக்க, பிணம் எழுந்ததுபோல் சிதையினின்று எழுந்து அவளைத் தூக்கி வந்தான். அது முதலாளி இட்ட கட்டளையன்று. அவனே கண்ட வழி.

ஏற்ற பொறுப்பைத் தன் அறிவைக்கொண்டு காப்பவன் எவர்க்கும் தாழ்ந்தவனல்லன். பொம்மனஹள்ளி மாணவத் தோழர்களே! அடுத்த முறை அந்நூலை எடுக்கும்போது, இளவரசனைச் சற்றே விட்டுத் துடுப்புப் பிடித்தவனைப் பின்தொடர்ந்து படியுங்கள்.