ஒரே திறன், இரு வழிகள்

மாணவர்களே, இரண்டு கார்களின் திறன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அவற்றின் இயந்திரங்களும் ஒரே அளவில்தான் இருக்குமா? இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இரண்டு அரிய ஆடம்பரக் கார்களை ஒப்பிட்டு விடை காண்போம்.

பிரான்சின் புகாட்டி ரொயால்

எத்தோரே புகாட்டி அரச குடும்பத்தினரை மனத்தில் வைத்து உருவாக்கிய கார் இது. 25 கார்களைச் செய்யத் திட்டமிட்டார். 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தால் 3 கார்கள் மட்டுமே விலைபோயின. இதன் 8 சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 12.7 லிட்டர்; திறன் ஏறத்தாழ 300 குதிரைத்திறன்.

அமெரிக்காவின் டியூசன்பர்க் எஸ்.ஜே.

1932இல் அறிமுகமான இக்காரில் ஏறத்தாழ 36 மட்டுமே உருவாயின. இதிலும் 8 சிலிண்டர்கள்தாம். ஆனால், கொள்ளளவு 6.9 லிட்டர், திறன் 320 குதிரைத்திறன்.

கணக்கிடுவோம்

திறனைக் கொள்ளளவால் வகுத்தால், ஒரு லிட்டருக்குரிய திறன் கிடைக்கும்.

ரொயால்: 300 ÷ 12.7 = சுமார் 24
எஸ்.ஜே.: 320 ÷ 6.9 = சுமார் 46

ஏன் இந்த வேறுபாடு?

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. ஆகவே, கூடுதல் திறன் வேண்டுமானால் கூடுதல் காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: சிலிண்டரைப் பெரிதாக்கலாம்; இயந்திரத்தை வேகமாகச் சுழற்றலாம்; காற்றை அழுத்தித் திணிக்கலாம்.

புகாட்டி முதல் வழியை நாடினார். டியூசன்பர்க் மற்ற இரண்டையும் பயன்படுத்தியது. ஒரு சிலிண்டருக்கு 4 வால்வுகள் இருந்ததால், வேகமாகச் சுழலும்போதும் காற்று தடையின்றி உள்ளே சென்றது. இதனால், ஜே எனும் முந்தைய மாடலே 265 குதிரைத்திறன் தந்தது. அதனுடன் சூப்பர்சார்ஜர் எனும் காற்றழுத்தி சேர்ந்ததும் திறன் 320 ஆனது. இக்கருவியை இயக்குவதற்கு இயந்திரத்தின் திறனில் ஒரு பகுதி செலவாகும். கிடைக்கும் பயனோ அதைவிட அதிகம். அதிக அழுத்தத்தால் பாகங்களின் மீதான விசையும் கூடும் என்பதால், எஸ்.ஜே.க்கு உறுதியான எஃகு இணைப்புத் தண்டுகள் பொருத்தப்பட்டன.

எது சிறந்தது?

வேலையைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். மெதுவாகச் சுழன்றபடியே பெரும் சுமையை இழுக்கப் பெரிய இயந்திரம் ஏற்றது. ரொயால் கார்களுக்கான இயந்திரங்கள் தேங்கியபோது, புகாட்டி அவற்றை ரயில் பெட்டிகளில் பொருத்தினார். 1933 முதல் அவை பிரான்சின் தண்டவாளங்களில் ஓடின. ஒரே பெட்டியில் 4 இயந்திரங்கள் பொருத்தப்பட்டதும் உண்டு. இன்று, சிறிய இயந்திரத்தில் காற்றைத் திணிக்கும் முறையைப் பல கார்களில் காண்கிறோம். அவற்றிலுள்ள டர்போசார்ஜரைச் சுழற்றுவது வெளியேறும் புகை.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் காரின் கொள்ளளவையும் குதிரைத்திறனையும் கேட்டறியுங்கள். ஒரு லிட்டருக்குரிய திறனைக் கணக்கிடுங்கள். அது ரொயாலை மிஞ்சுகிறதா? எஸ்.ஜே.யையும் மிஞ்சினால், மேற்கண்ட மூன்று வழிகளுள் எவை அதற்குக் காரணம் எனக் கண்டுபிடியுங்கள்.