மாற்றச் சொன்னது ஏபிஎஸ் யூனிட், கோளாறு கனெக்டரில்

ஸ்கேனரில் பிழைக் கோடு வந்ததுமே பாகத்தை மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கனகசெட்டிக்குளத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஃபோர்ட் வண்டிகள் நிறைய வருகின்றன. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்ட் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையும் 2022-இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அங்கே செய்த வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன, அவற்றை யாராவது பார்க்கத்தானே வேண்டும்?

அப்படி வந்தது ஒரு எகோஸ்போர்ட். ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் யூனிட்டையே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோடைப் படித்தவர்கள் லைவ் டேட்டாவைத் திறக்கவே இல்லை. நான் கடைப் பையனை ஓட்டச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, நாலு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துக்கொண்டே காலாப்பட்டு வரை போனேன். மூன்று சக்கரம் ஒரே வேகம் காட்டியது. பின் இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பூஜ்யத்துக்கு விழுந்தது. அந்தச் சக்கரத்தின் சென்சார் கனெக்டரைப் பிரித்தால் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. கடற்கரை ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். கனெக்டரை மாற்றினேன், விளக்கு அணைந்தது. புது யூனிட் போட்டிருந்தால் பணம் போயிருக்கும், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இதற்கு ஷோரூம் ஸ்கேனர் தேவையில்லை. ஃபோர்ட் வண்டிகளைப் படிக்கும் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும், அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். லேப்டாப்பை வண்டியோடு இணைக்கும் அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஈஎல்எம் 327 என்ற பெயரில் வரும் மலிவு நகல்கள் பலவற்றில் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது. அடாப்டரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 பின்களில் இன்ஜின், ஏபிஎஸ் பேசும். ரேடியோ, ஏசி போன்றவை 3, 11 பின்களில். இரண்டுக்கும் மாறக்கூடிய அடாப்டராக வாங்குங்கள். போனில் பார்க்கும் சாதாரண ஓபிடி ஆப் பெரும்பாலும் இன்ஜினோடு நின்றுவிடும், ஏபிஎஸ்ஸை எட்டாது.

படிப்பதோடு நின்றால் ஆபத்தில்லை. மாட்யூலில் புரோகிராம் எழுதுவதென்றால் பேட்டரிக்கு நிலையான சப்ளை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்; நடுவில் வோல்டேஜ் இறங்கினால் மாட்யூலே செத்துப்போகலாம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது என்று யார் சொன்னாலும், நாலு சக்கர வேகத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.