செங்குத்துச் சரிவுக்கு எந்த ஸ்னோபோர்டு?

காஷ்மீரின் குல்மர்க் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில், சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கீழே பெரும்பாலும் இயந்திரம் சமன்செய்யாத பனிதான். இத்தகைய இடத்துக்கு விறைப்பான ஃப்ரீரைடு போர்டே (சமன்செய்யாத பனிக்கானது) சரி. வேகத்தில் படபடவென்று அதிராது. கெட்டிப்பனியிலும் விளிம்பு பிடி விடாது.

விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள். 7 அல்லது 8 போதும். ஆனால் இதற்குப் பொது அளவுகோல் கிடையாது; ஒரு கம்பெனியின் 7 இன்னொன்றின் 5 ஆகவும் இருக்கலாம். கடையில் போர்டை நிறுத்தி, நடுவில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். வால் விறைப்பாகவும் மூக்கு சற்று இளக்கமாகவும் இருப்பது நல்லது. மூக்கு வாலைவிட அகலமாக, மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். அப்போதுதான் ஆழப்பனியில் முன்பக்கம் புதையாது, பின்காலின் தொடையும் சீக்கிரம் களைக்காது. பாதங்களுக்கு அடியில் கேம்பர், அதாவது மேல்நோக்கிய வில்வளைவு, அவசியம்.

நீளத்துக்கு உங்கள் உயரத்தைவிட எடைதான் முக்கியம். தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். பாதம் பெரிதென்றால் அகலப் போர்டு எடுங்கள். இல்லையேல் செங்குத்தில் திரும்பும்போது பூட்ஸ் நுனி பனியில் உரசி ஆளையே கவிழ்த்துவிடும். பூட்ஸும் அதைப் போர்டுடன் பிணைக்கும் பைண்டிங்கும் விறைப்பாகவே இருக்க வேண்டும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த விறைப்பான போர்டு வேண்டவே வேண்டாம். மெதுவான வேகத்தில் இதைத் திருப்புவது கடினம்.

பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடித்து மீட்க உதவும் டிரான்ஸீவர், தேடுகோல், மண்வாரி மூன்றும் வாங்கிப் பயன்படுத்தப் பழகிய பிறகே மேலே ஏறுங்கள். தயவுசெய்து தனியாக இறங்காதீர்கள்.