பி.ஏ. சமூகவியல்: பள்ளியிலேயே ஒரு தொடக்கம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் நம்மிடம் விசாரிக்கும் படிப்புகளில் பி.ஏ. சமூகவியல் அநேகமாக இருப்பதில்லை. வேறு இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறோம். மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. வரலாறும் பொருளியலும் அவர் கையில் புத்தகமாக இருந்தவை. சமூகவியல் அப்படி இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் டர்க்கைம், வேபர், மார்க்ஸ் ஆகியோரின் கோட்பாடுகள் வரும். எம்.என்.சீனிவாஸ் போன்றோரின் வழியே இந்தியக் கிராமம், சாதி, குடும்பம் பற்றிய ஆய்வுகள் வரும். ஆனால் படிப்பின் உயிர் கள ஆய்வில் இருக்கிறது என்பது என் கருத்து. நமக்குத் தெரிந்த ஊரைத் தெரியாத ஊர்போலக் கேள்வி கேட்டு அறிவதுதான் அது.

இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், முதல் உலகப்போர்க் காலத்தில் தம் மாணவர்களை அவரவர் கிராமங்களை ஆராய்ந்து எழுதச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று அவர்கள் கேட்டு வந்தவை 1918-இல் நூலாயின. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசியும் அவற்றில் ஒன்று. துறை பொருளியல்தான், ஆனால் இன்றைய சமூகவியல் மாணவர் செய்யும் கள ஆய்வும் இதே வகைதான்.

எங்கள் செங்கல்பட்டுப் பகுதி அதற்கும் முன்பே கணக்கெடுக்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகள், தொழில்கள், விளைச்சல் பங்குகளைப் பதிவு செய்தார். அது ஆட்சியாளரின் தேவைக்கான கணக்கு. ஸ்லேட்டரின் மாணவர்களோ தம் சொந்த ஊரைப் புரிந்துகொள்ளக் கேட்டார்கள். யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதிலும் மாறும். சமூகவியல் மாணவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

மாமல்லபுரத்தில் ஒன்பதாம் வகுப்பில் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். மாணவர்களே ஒரு படிவம் தயாரித்தனர். ‘அம்மாவின் தொழில்’ என்ற இடத்தில் பலர் ‘வீட்டில் இருக்கிறார்’ என்று எழுதி வந்தனர். கேள்வியை மாற்றினோம்: ‘நேற்று விடிந்தது முதல் இரவு வரை அம்மா என்னென்ன செய்தார்?’ இப்போது வந்த பதில்கள் வேறு. கரையில் மீன் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்றார். சிப்பி மாலை கோத்தார். சிற்பக்கூடத்தில் சிலை தேய்த்தார். ‘அப்போ அது வேலை இல்லையா சார்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். கல்லூரியில் பாலினமும் உழைப்பும் என்ற தலைப்பில் படிப்பதன் வாசல் அந்தக் கேள்வி. பாடவேளை முடிந்தும் பேச்சு ஓயவில்லை. படகில் கிடைப்பதை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள், உளி பிடிப்பவருக்குத் தினக்கூலியா சிலைக்கு இவ்வளவு என்றா எனக் கேள்விகள் கிளைத்தன.

ஓர் எச்சரிக்கை. வகுப்பறையில் சாதி, வருமானம், கடன் ஆகியவற்றை உரக்கக் கேட்கவே கூடாது. ஒரு பிள்ளை கூனிக்குறுகும்படி நடக்கும் ஆய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் வேண்டாம். ஆந்த்ரே பெதேய் 1965-இல் வெளியிட்ட தஞ்சாவூர்க் கிராம ஆய்வில் ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று மாற்றுப் பெயர் வைத்தார். நம் பிள்ளைகளின் குறிப்பேடுகளிலும் பெயர் வேண்டாம். வீட்டு எண்கூட வேண்டாம்.

வேலை என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பட்டதாரிகளுக்கான போட்டித் தேர்வுகளை எழுதலாம். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம். சமூகப்பணி முதுகலைக்கும் போகலாம். பள்ளி ஆசிரியராக விரும்பும் மாணவர் மட்டும், சேரும் முன்பே பி.எட். தகுதி விதிகளைப் பார்த்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு அறிந்தால் மூன்று ஆண்டுகள் திரும்பி வராது.

ஸ்லேட்டரின் கிராமங்களை 1930-களில் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் போய்ப் பார்த்தனர். என்ன மாறியது என்று தெரிந்தது. எங்கள் வகுப்பின் குறிப்பேடுகளும் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பினர் அதே தெருக்களில் அதே கேள்விகளைக் கேட்பார்கள்.